ஒரு தேக்கிலைக் களாப்பழம்

மூட்டுக்குத் தைலமும் கண்ணுக்குச் சொட்டு மருந்துமாக உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளே, உங்களைத்தான் கேட்கிறேன். களாப்பழம் தின்று எத்தனை வருஷம் ஆகிறது? பழம் வேண்டும் என்றால் பேரப்பிள்ளைகள் ஆப்பிளை நறுக்கிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். முள் குத்தாமல், உதட்டில் பால் ஒட்டாமல் அது என்ன பழம் போங்கள். போன வாரம் என் பேத்தி கடையிலிருந்து வாங்கிவந்த ஊறுகாய் பாட்டிலில் களாக்காய் என்று எழுதியிருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். எண்ணெய் வாடைதான் வந்தது. மூடியைத் திருகிப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்து வயதில் ஒரு தேக்கிலை நிறையக் களாப்பழம் பறித்து என் அம்மாவுக்குக் கொடுத்தேன். அதை அவள் தின்றாளா, வழியில் கொட்டிவிட்டாளா என்று தெரியாமலே என் பாதி ஆயுள் போயிற்று. வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

எங்கள் வீடு ஆம்பூரில், தோல் பதனிடுகிற டேனரிச் சுவரை ஒட்டிய வரிசையில் இருந்தது. நைனா அங்கே சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேஸ்திரி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தோலில் இருக்கிற மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புப் பாலில் ஊறப்போடுவார்கள். அதன் பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீருக்கு மாற்றுவார்கள். நைனாவின் நகங்கள் பட்டைச் சாயம் ஏறி எப்போதும் பழுப்பாகவே இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரு முனையிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள். ஏன் பொத்துகிறார்கள் என்று எங்களுக்கு விளங்காது. நாங்கள் பிறந்து வளர்ந்த வாடை அது.

அந்தப் பட்டை ஆலங்காயம் பக்கத்திலிருந்து வரும். கொண்டுவருகிறவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். எட்டு நாளைக்கொரு முறை வண்டி நிறையப் பட்டைக்கட்டு ஏற்றிக்கொண்டு வருவார். கட்டுகளுக்கு நடுவே எங்களுக்கென்று ஏதாவது செருகி வைத்திருப்பார். ஒரு நாள் ஈச்சங்குலை, ஒரு நாள் கொய்யா. களாப்பழம் மட்டும் கொண்டுவர மாட்டார். வருவதற்குள் நசுங்கிவிடும், செடியிலேயே நின்றுதான் தின்ன வேண்டும் என்பார். என்னையும் கூட்டிப் போ மாமா என்று நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"களாச்செடி பூரா முள்ளு, பாப்பா. அழுவுற புள்ளைங்கள நான் காட்டுக்குக் கூட்டினு போவ மாட்டேன்."

நான் அழுமூஞ்சி என்பது தெருவுக்கே தெரியும். கோழி துரத்தினால் அழுவேன். தம்பி பிறந்தபோதுகூட அழுதேன், ஏனென்று கேட்காதீர்கள்.

இனி ரிப்பன் கதை. டேனரி முதலாளி சாயபு வீட்டு அம்மா, பெருநாளைக்கு என் அக்காவுக்கு ஒரு சிவப்பு ரிப்பன் கொடுத்திருந்தார்கள். பளபளவென்று இருக்கும். அக்கா அதை என் கண்ணில் காட்டுவாள், கையில் தர மாட்டாள். ஒரு பங்குனி மத்தியானம் அவள் தூங்கும்போது எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு நைனாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். தொட்டிப் பக்கம் போகக்கூடாது, வாசலிலேயே தூக்கை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது எனக்கு விதித்திருந்த விதி. போனேன். கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அது புஸ்ஸென்று கொதிப்பதை எட்டிப் பார்த்தேன். ரிப்பன் அவிழ்ந்து உள்ளே விழுந்தது.

குச்சியால் எடுத்தேன். எடுத்த வேகத்தில் கொதிக்கிற சுண்ணாம்பு முழங்கைக்குக் கீழே அப்பிக்கொண்டது. ஐயோ, அந்த எரிச்சல்! ஓடிப்போய்ப் பாலாற்று மணல் ஊற்றில் கழுவினேன். கொப்புளம் வந்தது. அக்காவின் முழுக்கை ரவிக்கையைப் போட்டு மூடிக்கொண்டு, குளிர்கிறது என்றேன். பங்குனியில் குளிர்கிறதாம்! பால்குடிப் பிள்ளையோடு அல்லாடிக்கொண்டிருந்த அம்மா அதைக் கவனிக்கவில்லை. ரிப்பனைக் கூரை ஓலையில் செருகினேன். அக்கா மூன்று நாள் தேடினாள். நானும் சேர்ந்து தேடினேன்.

சித்திரையில் புண் ஆறியது. ஆறின இடம் அரசிலை அளவுக்கு வெளுத்திருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது அம்மா அதைப் பார்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நைனாவைக் கூப்பிட்டாள்.

"சுண்ணாம்புத் தொட்டிகிட்ட போனியா?" என்றார் நைனா.

"போவல நைனா."

"நெசமா சொல்லு. சுண்ணாம்பு பட்டுச்சா?"

"இல்ல நைனா. சத்தியமா."

ரிப்பன் திருடியது தெரிந்தால் முதுகுத்தோல் உரிந்துவிடும் என்று பயம். அடுத்த நாளே மாமா பட்டை வண்டியோடு வந்தார். மூவரும் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு மாமா என்னை வெளிச்சத்தில் உட்காரவைத்தார். பட்டைக்கட்டில் சிக்கியிருந்த ஒரு முள்ளை எடுத்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, வெளுத்த இடத்தில் அழுத்தினார்.

"வலிக்குதா பாப்பா?"

வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது களாப்பழத்துக்கு வைக்கிற பரீட்சை! அழுதால் காட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"வலிக்கல மாமா."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

"இப்பவும்?"

"ஊஹும். ஒண்ணுமே தெரியல."

மாமா முள்ளைக் கீழே போட்டார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மாமாதான் பேசினார். "என்னோட வரட்டும். தோட்டத்துல இருக்கட்டும்." அடுத்த வண்டியில் கூட்டிப்போவதாக முடிவாயிற்று, நான் குதித்தேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா!

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் தோல் வெளுத்து, குத்தினால் உறைக்காமல் போனால் அதற்கு ஒரே பெயர்தான். பெருவியாதி. அந்தப் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இப்போது தொழுநோய் என்கிறார்கள், மாத்திரை தின்றால் போய்விடுகிறது, அன்றைக்கு ஊரைவிட்டே போக வேண்டியதுதான். அதோடு ராணிப்பேட்டையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வைகாசியில் வருவதாக இருந்தது. வீட்டில் இப்படி ஒரு பெண் இருக்கிறது என்று காற்று வாக்கில் தெரிந்தாலும் அக்காவை யார் கட்டுவான்? இதெல்லாம் பெரியவளானபின் நானே கோத்துக் கோத்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது களாப்பழம் மட்டும்தான்.

மாமாவின் தோட்டம் ஆலங்காயத்துக்கு அப்பால், மலை தொடங்குகிற இடத்தில். நாலு மாமரம், எலுமிச்சை, கத்தரிப் பாத்தி, மாடு கட்டிக் கவலை இறைக்கிற கிணறு. சுற்றிலும் களாச்செடியே வேலி. மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகள் கிடையாது. அத்தை என்னைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாடி ராசாத்தி, உனக்குன்னு தனி வூடே கட்டி வச்சிக்கிறேன் பாரு" என்றாள். மாமரத்தடியில் இருந்த காவல் குடிசையைச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தாள். எனக்கென்று தனித் தட்டு, தனிச் சொம்பு, தனிப் பாய். எங்கள் வீட்டில் நானும் அக்காவும் ஒரே தட்டில் சண்டைபோட்டுத் தின்கிறவர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டை நானே கழுவிக் குடிசை வாசலில் கவிழ்க்க வேண்டும், வேறு வேலையே கிடையாது. அத்தை சோற்றை மேலேயிருந்து போடுவாள். நான் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பேன். அவள் சட்டென்று வேறுபக்கம் பார்ப்பாள்.

முதல் பத்து நாள் ராணி மாதிரி இருந்தேன். களா அப்போதுதான் காய். கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், வாயில் வைத்தால் பல் கூசும். வைகாசி பிறந்ததும் ஒரு பக்கம் சிவந்தது. பிறகு கறுத்தது. ஒரு செடியில் ஒரு பழம் கறுத்திருக்கும், பக்கத்திலேயே பத்துக் காய் பச்சையாக நிற்கும். முள்ளுக்குள் கையை விட்டு அந்த ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். தின்னத் தின்ன உதடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாக்கு நாவல் நிறமாகிவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் வேலியை ஒரு சுற்று வந்துவிடுவேன். அணிலுக்கும் எனக்கும்தான் போட்டி.

பிறகு வீட்டு நினைப்பு வந்தது. எட்டு நாளைக்கொரு முறை மாமா வண்டியோடு ஆம்பூர் போய்த் திரும்பும்போது சமாசாரம் கொண்டுவருவார். தம்பிக்குக் கீழ்ப்பல் முளைத்ததாம். ராணிப்பேட்டைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம், மூக்கைப் பொத்தவே இல்லையாம், அவர்களும் தோல் ஊர்க்காரர்கள்தானே. மாமா சொல்லச் சொல்ல நான் மாடுகளின் கழுத்தை மோந்து பார்ப்பேன். பட்டைத் தண்ணீர் வாடை, எங்கள் தெரு வாடை இருக்கும். என்னை எப்போது வீட்டுக்குக் கூட்டிப்போவாய் என்று கேட்டால், "பழம் முடியட்டும் பாப்பா" என்பார்.

ஒரு தடவை வண்டி வந்தபோது மாடுகளின் கொம்பில் மஞ்சள் பூசியிருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றார். பார்த்துவிட்டுப் போனவர்கள் பத்தே நாளில் நாள் குறித்துவிட்டார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. அன்று களாச்செடிக்கு அடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முள் குத்தி அழவில்லை மாமா என்று அவரிடம் சொன்னேன். "தெரியும் கண்ணு," என்றார்.

அதற்கு அடுத்த வண்டியில் அம்மா வந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வண்டியில் அம்மாவின் புடவை தெரிந்ததும் ஓடினேன். மாமா வேலியில் இருந்த திட்டிக் கதவை மூடிக்கொண்டு குறுக்கே நின்றார். "அங்கயே நில்லு பாப்பா. தம்பி பால்குடிக்கிற புள்ள, அம்மாவ தொடாத" என்றார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியவில்லை. தம்பியை வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். அவளுடைய ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சாப்புடுறியா?" என்றாள்.

"சாப்புடுறேன். தனித் தட்டு கீது எனக்கு."

"தலைக்கு எண்ணெ வெக்கிறியா?"

"நீ வந்து வெச்சி வுடு."

 கல்யாண அதிரசம் நாலைத் துணியில் முடிந்து திட்டி மேல் வைத்தாள். நான் கிட்டே வருவதற்குள் பின்னால் நகர்ந்தாள். பெற்ற தாய் பின்னால் நகர்ந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். ரோஷம் வந்துவிட்டது. ஆனாலும் அதிரசத்துக்குப் பதிலாக நானும் ஏதாவது கொடுக்க வேண்டாமா? இரு என்று சொல்லி வேலியோரமாக ஓடினேன். கறுத்தது, சிவந்தது, அவசரத்தில் காயும் சேர்த்துப் பறித்தேன். கையெல்லாம் கீறல். ஒரு தேக்கிலையில் குவித்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

"கீழ வை பாப்பா," என்றார் மாமா.

வைத்தேன். நான் விலகிய பிறகு அம்மா குனிந்து எடுத்தாள்.

"ஒண்ணு துன்னும்மா. இனிப்பா கீது."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "வூட்டுக்குப் போய்த் துன்றேன் கண்ணு" என்று சொல்லி இலையை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினாள். ஒரே ஒரு பழம். என் கண் முன்னால் வாயில் போட்டிருந்தால் என்ன? நான் அதிரசத்தை அணிலுக்குப் போட்டேன்.

பழம் முடியப்போகிற ஆனியில் ஒரு நாள், உள்ளே தள்ளி நின்ற கடைசிப் பழத்துக்குக் கை நீட்டியபோது முள் சரியாக அந்த வெளுத்த இடத்திலேயே ஏறிவிட்டது. பரீட்சை எதுவும் இல்லை, பார்க்க மாமாவும் இல்லை. ஊரே கேட்கிற மாதிரி அலறினேன். அத்தை கத்தரிப் பாத்தியிலிருந்து ஓடிவந்தாள்.

"எங்கடி குத்துச்சி?"

"இங்க அத்தே!"

அத்தை முள்ளையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். அதே முள்ளால் பக்கத்தில் மெல்லத் தொட்டாள்.

"ஐயோ வலிக்குது, வுடு அத்தே!"

"வலிக்குதா? நெசமா வலிக்குதா? அன்னிக்கு மாமா குத்தினப்போ வலிக்கலன்னியேடி பாவி!"

"அழுதா மாமா களாப்பழத்துக்குக் கூட்டினு போவ மாட்டாருல்ல?"

அத்தை என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். உடனே இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷி என்னைத் தொட்டாள். சுண்ணாம்பு, ரிப்பன், எல்லாவற்றையும் அந்த மடியில் கிடந்தபடியே சொல்லிவிட்டேன். மறுநாள் மாமா என்னைத் திருப்பத்தூர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். எல்லா இடத்தையும் சரியாகச் சொன்னேன். சுண்ணாம்பு வெந்த தழும்பு, வேறொன்றும் இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கட்டிக்கொண்டாள், நைனா தூக்கிக்கொண்டார். அடி விழும் என்று பயந்த எனக்கு ஒரு திட்டுகூட விழவில்லை. ஆனால் அக்கா இல்லை. அவளுடைய பாய் சுருட்டி மூலையில் நின்றது. ரிப்பனைத் தேடினேன். கல்யாணத்துக்காகப் புது ஓலை வேய்ந்திருந்தார்கள், பழைய ஓலையோடு அதுவும் போயிற்று. அன்று மாலை நைனாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அம்மா களாப்பழம் கொண்டாந்தாங்களே, நல்லா இருந்துச்சா?"

"களாப்பழமா? ஒண்ணும் கொண்டாரலயே," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. வயது ஏற ஏற அதன் அர்த்தமும் ஏறியது. பயந்தாள், கொட்டிவிட்டாள். நியாயம்தான், பால்குடிப் பிள்ளைக்காரி. எனக்கும் நாலு பிறந்தபிறகு நியாயம் நன்றாகவே புரிந்தது. ஆனாலும் ஆறவில்லை. வியாதி இல்லை என்று தெரிந்தபின் கட்டிக்கொண்டார்களே, இருந்திருந்தால்? அம்மா என் தலையை வாரும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் ஆசையாக ஏதாவது கொடுத்தால், "அப்புறம் துன்றேன்" என்று வாங்கி வைத்துவிடுவேன். வேண்டுமென்றேதான். 

அம்மா போனபோது எனக்கு ஐம்பதை நெருங்கிவிட்டது. காரியத்துக்கு மாமா வந்திருந்தார். கண் பாதி போயிருந்தது, அத்தையும் போய்ச் சேர்ந்திருந்தாள். அம்மாவுக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "களாப்பழம் மட்டும் வெக்காதீங்க, அவங்களுக்குப் புடிக்காது," என்றேன்.

மாமா குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"யாரு சொன்னா புடிக்காதுன்னு?"

"நான் குடுத்தத கொட்டினாங்களே மாமா. நைனாகிட்ட கேட்டேனே."

"கொட்டினாளா? நான்தானேம்மா வண்டி ஓட்டினேன். தோட்டம் கண்ணுக்கு மறையிற வரைக்கும் மடியில வெச்சிக்கினு இருந்தா. அப்புறம் இலயப் பிரிச்சா. வேணாம்மா, வூட்டுல கொழந்த கீதுன்னு கத்தினேன். கேக்கல. ஒவ்வொண்ணா துன்னா. வூட்டுக்குக் கொண்டு போனா கொட்டிடுவாங்க அண்ணா, என் புள்ள கை கீறிக்கினு பறிச்சதுன்னா. பாலாத்து மணலு தெரியிறதுக்குள்ள அத்தனையும் துன்னுட்டா. பச்சக் காயக்கூட வுடல."

நான் படையலுக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"உதடெல்லாம் ஒட்டிக்கினு வாயத் தொறக்க முடியல அவளால. வூட்டு வாசல்ல உங்க நைனா, இன்னா ஆச்சி வாய்க்குன்னு கேட்டாரு. வெயிலுன்னா. நாலு நாளு தம்பிக்கிப் பால் குடுக்காம, காய்ச்சலுன்னு சொல்லிப் படுத்துக்கினா. பக்கத்து வூட்டு பாயம்மாதான் ஆட்டுப்பாலு ஊத்தினாங்க. யாராண்டயும் சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. இப்ப அவளே போய்ட்டா, சொன்னா இன்னா?"

வலித்ததை வலிக்கவில்லை என்று சொன்னவள் நான். தின்றதைத் தின்னவில்லை என்று இருந்துவிட்டாள் அவள். பொய் சொல்வதில் நான் யாருக்குப் பிறந்தவள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் துன்றேன், அப்புறம் துன்றேன் என்று நான் வாங்கி வைத்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கடைசியாக, படுக்கையில் கிடந்தபடி அவள் எனக்காகத் தலையணைக்குக் கீழே எடுத்து வைத்திருந்த அதிரசம்கூட.